பதினாலாம் தேதி பாட்டில்

அத்தியாயம் 9

செத்துப் போனதாகச் சொல்லப்படும் ஒரு மனிதன், செத்த நாலாம் நாள் காலையில் மேற்குத் தாம்பரத்து லேபுக்குப் போய் மூத்திரம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். கேஸ் இவ்வளவுதான்.

"இதுல சிரிக்க ஒண்ணும் இல்ல, பேபி," என்றார் ஏகநாதன் சார்.

"நான் எங்க சார் சிரிச்சேன்? பல்லு தூக்கலா கீது, அவ்ளோதான்."

எதிரே உட்கார்ந்திருந்த துளசிங்கம் இரண்டையும் காதில் வாங்கவில்லை. செம்பாக்கத்தில் பரம்பரையாக நிலம் வைத்திருந்த மனிதர். ஏரிக்கரையில் பயிர் வைத்த இடமெல்லாம் இப்போது மனை. வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. மூன்று வாரமாகத் தூங்காத கண்.

"எந்தம்பி மாணிக்கவேல் பத்தாம் தேதி காலைல வேலைக்குப் போனான் சார். திருமுடிவாக்கத்துல லேத் பட்டறை. போனவன் வூடு திரும்பல. அன்னிக்கு ராத்திரியே பெருங்களத்தூர் பக்கம் தண்டவாளத்துல ஒரு ஆளு அடிபட்டுச் செத்துட்டான். மூஞ்சி அடையாளம் இல்ல. கேக்க ஆள் இல்லாத பொணம்னு பொதைச்சுட்டாங்க. பதிமூணாம் தேதிதான் எங்களைக் கூப்ட்டுச் சட்டையைக் காட்டுனாங்க."

"உங்க தம்பி சட்டைதானா?"

"எனக்கு அவனுதுன்னுதான் பட்டுது. அவன் பொண்டாட்டி காந்தா, இல்லவே இல்லன்னுச்சு. அப்பால ரெண்டு நாள் கழிச்சு இத்தை எடுத்தாந்து இன்ஸ்பெக்டர் மேஜைல வெச்சுது."

மஞ்சள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஸ்ரீரங்கா கிளினிகல் லேப். பெயர் மாணிக்கவேல், வயது 38. தேதி 14-5-94. யூரின் ரொட்டீன்.

"இன்ஸ்பெக்டரு கையை விரிச்சுட்டாரு. 'ஆளு உயிரோட கீறான், எங்கயோ ஓடிட்டான், போய்யா'ன்றாரு. சட்டை எந்தம்பிதுன்னா நான் காரியம் பண்ணணும். ஞாயித்துக்கிழமை நாள் குறிச்சுட்டேன். இந்தப் பேப்பர் நெசம்னா பண்ணக் கூடாது. உயிரோட கீறவனுக்குக் கருமாதி பண்ணா நான் மனுசனா சார்?" மஞ்சள் பையை மடியில் இறுக்கிக்கொண்டார். "இருக்கானா, இல்லியா? அத்தை மட்டும் சொல்லுங்க."

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாத நாளில்தான் எனக்கு வாய் அதிகம். என் அப்பா கோவளத்தில் கட்டுமரம் எடுத்துப் போனவர். எனக்கு ஒன்பது வயதில் மரம் மட்டும் திரும்பி வந்தது. அதற்கப்புறம் 'காணவில்லை' என்ற வார்த்தையைக் கேட்டால் மனசு மரத்துவிடும், கொடுக்காப்புளி தின்ற நாக்கு மாதிரி. ஏகநாதன் சாருக்கு இது தெரியும். அவரே ரயில்வேயில் காணாமல் போன பார்சலைத் தேடும் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது என்னை உதவிக்கு வைத்துக்கொண்டு காணாமல் போன ஆட்களைத் தேடுகிறவர். அதனால் என்னை ஆறுதல் சொல்லித் தொந்தரவு செய்யமாட்டார்.

வியாழக்கிழமை காலை ஒன்பதுக்குச் செம்பாக்கம் போனோம்.

காந்தாவுக்கு முப்பத்திரண்டு வயதிருக்கும். குழந்தை இல்லை, வீட்டில் வேறு ஆளும் இல்லை. அப்பளம் தேய்த்துக் கம்பெனிக்குக் கொடுக்கிற வீடு. கூடம் முழுக்கப் பாயில் அப்பளம், உட்கார இடம் இல்லை. சார் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்தபோது அவருடைய கரும்பழுப்புப் பேண்ட் பின்பக்கம் வெள்ளையாகியிருந்தது.

"சார், பின்னாடி பௌர்ணமி," என்றேன்.

காந்தா சிரிக்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. "மாவு சார். இந்த வூட்ல எங்க தொட்டாலும் ஒட்டும்," என்று சொல்லிவிட்டு மறுபடி தேய்க்க உட்கார்ந்தாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, தலையில் பூ. மூன்றும் புதிதாக இருந்தன.

"அவர் லேபுக்குப் போனது உங்களுக்கு எப்படித் தெரியும்?" சார் மெதுவாகத்தான் கேட்டார்.

"அவருக்குக் கல்லடைப்பு சார். எட்டு மாசமா மாசம் ஒருவாட்டி டெஸ்ட்டு. அவர் போற எடமெல்லாம் போய்க் கேட்டேன். பட்டறை, டீக்கடை, சலூன். லேப்ல கேட்டா, 'ரிப்போர்ட் ரெடியா கீது, வாங்கிக்கலை'ன்னாங்க. வாங்கினு வந்தேன்."

"உயிரோடு இருக்கிறவர் ஏன் வீட்டுக்கு வரலை?"

குழவியை உருட்டிக்கொண்டே சொன்னாள். "அது அவரைத்தான் கேக்கணும். கண்டுபுடிச்சா கேளுங்க."

ஒரு அப்பளம் முடிந்தது. அடுத்ததை எடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். என் அம்மா முகம் இப்படித்தான் இருந்தது, ஆனால் அம்மா பொய் சொல்லவில்லை. அப்போது ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டால் எனக்கே தெரியாது.

லேப், மார்க்கெட் தெருவில் ஒரு செருப்புக் கடைக்கு மாடி. டெக்னீஷியன் அசரியா எங்களை உள்ளே விட்டான். ஓயாத ஜலதோஷக்காரன்.

"பதினாலாம் தேதி மாணிக்கவேல் வந்தாரா?" என்றார் சார்.

"வந்திருப்பார் சார்."

"பாத்தீங்களா?"

"ஆளை எங்க சார் பாக்கறது? பாட்டிலைத்தான் பாப்போம்." மாடிப்படியைக் காட்டினான். "நாங்க ஏழு மணிக்குத் தொறப்போம். ஜனங்க அஞ்சரைக்கே வந்துடுவாங்க. படிக்குப் படி பாட்டிலை வெச்சு இடம் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. தொறந்ததும் நான் வரிசையா எடுத்துக்குவேன். பேரு எழுதின சீட்டு ரப்பர் பேண்ட்ல சுத்தியிருக்கும். பழைய கஸ்டமர் யாரும் நின்னு கொடுக்க மாட்டாங்க."

"ரேஷன் கடையில கல்லு வெப்பாங்க. இங்க இதுவா?" என்றேன். "நல்லவேளை, யாரும் தாகத்துல வர்றதில்ல."

அசரியா சீட்டை எடுத்துக் காட்டினான். பொறுப்பான பையன், சீட்டுகளை ஊசியில் குத்தி வைத்திருந்தான். துளசிங்கம் கொடுத்திருந்த பழைய கடிதத்தோடு சார் அதை ஒப்பிட்டார். சீட்டு மாணிக்கவேலின் கையெழுத்தேதான்.

அப்படியானால் ஆள் இருக்கிறான். துளசிங்கத்துக்குப் போன் போட்டுவிட்டு மதியம் பிரியாணி சாப்பிடலாம் என்று நினைத்தேன். சார் நகரவில்லை. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எட்டு மாதத்து நகல்களையும் வரிசையாக மேஜையில் பரப்பினார்.

"அசரியா, ஒம்பது ரிப்போர்ட்லயும் ஒரே வரி. 'கால்சியம் ஆக்சலேட் கிரிஸ்டல்ஸ், ஒரு ப்ளஸ்.' ஒரு மாசம் கூடக் கை தவறி ரெண்டு ப்ளஸ் வரலையா?"

அசரியா மூக்கை உறிஞ்சினான். அது ஜலதோஷத்தால் அல்ல.

"சார்... காலைல நாப்பது பாட்டில். தெரிஞ்ச கஸ்டமர்னா... போன மாசத்து ரிப்போர்ட்டைப் பாத்து..."

"பாக்காமலே எழுதிடுவீங்க."

"தள்ளி வெச்சு ஒரு பார்வை பாப்பேன் சார். கிரிஸ்டல் இருந்துது. சத்தியமா இருந்துது."

"என்ன கிரிஸ்டல்?"

பின்னாலிருந்து வேறொரு குரல் வந்தது. "ஃபோட்டோ இருக்கு."

லேப் ஓனர் ஸ்ரீரங்கன். அறுபது வயதுக்கு மேல், தடிக் கண்ணாடி. மைக்ராஸ்கோப் தலையில் ஒரு பழைய கேமராவைத் தானே பொருத்தியிருந்தார். ஊரில் மற்றவர்கள் தபால் தலை சேர்ப்பதுபோல் இவர் அடுத்தவர் மூத்திரத்து உப்பைப் படம் எடுத்து ஆல்பத்தில் ஒட்டிவைக்கிறார். ஆளுக்கு ஒரு பைத்தியம்.

"மாணிக்கவேல் நம்ம ஸ்டார்," என்று ஆல்பத்தைத் திறந்தார். மாதத்துக்கு இரண்டு படம். ஒன்று சாதா வெளிச்சத்தில். இன்னொன்று, கூலிங் கிளாஸிலிருந்து வெட்டிய இரண்டு கண்ணாடித் துண்டைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, கறுப்புப் பின்னணியில். "பாருங்கோ. ஒட்டின தபால் கவர் மாதிரி சதுரம், நடுவுல எக்ஸ் குறி. இவ்வளவு ஷார்ப்பான ஆக்சலேட், அதான் கல்லு உண்டாக்கற உப்பு, மெட்ராஸ் பூரா தேடினாலும் கிடைக்காது. வந்தவுடனே நான் எடுத்துடுவேன். அசரியா எழுதறதுக்கு முன்னாடியே."

"பதினாலாம் தேதி படம்?"

"ரோல்ல இருக்கு. இன்னும் அஞ்சு படம் பாக்கி. முப்பத்தாறும் முடிஞ்சாத்தான் கழுவக் கொடுப்பேன்."

"இப்பவே கொடுங்க."

"அஞ்சு ஃபிலிமை வீணாக்கறதா?" ஸ்ரீரங்கன் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. ஒரு மனிதனின் உயிர் அந்தச் சுருளில் இருக்கிறது என்று நாங்கள் சொன்னபோது அவர் அவ்வளவு வருத்தப்படவில்லை.

"வீணாக்க வேணாம் சார், நான் சாமான் தர்றேன்," என்றேன். டீத்தூள் ஒரு சிட்டிகை. அசரியாவின் கைக்குட்டை நூல். என் கம்மலில் இருந்த அழுக்கு. சாரின் பொடுகு; அதற்கு அவர் முறைத்தார், நான் விடவில்லை. ஐந்தாவதாகத் தர ஒன்றும் இல்லாமல், அவர் பேண்டின் பௌர்ணமியிலிருந்து கொஞ்சம் மாவைத் தட்டி ஸ்லைடில் போட்டேன்.

"மாவா? அதுக்குக் கூலிங் கிளாஸ் போட்டாத்தான் அழகு," என்று ஸ்ரீரங்கன் உற்சாகமாகி க்ளிக் செய்தார்.

ஸ்டூடியோக்காரன் இரண்டு மணி நேரம் கேட்டான். பிரியாணிக்குப் பதில் வாசலில் நின்று கரும்புச்சாறு குடித்தோம். அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் முடியவில்லை.

"சார், ஆளு இருந்தா நல்லதுதானே?" என்றேன்.

"இருந்தா நல்லது."

"இல்லன்னா?"

"இல்லன்னு தெரிஞ்சா, அதுவும் ஒரு வகையில நல்லது, பேபி. உனக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். மிச்சச் சாற்றைக் குடித்து முடித்தேன்.

மூன்று மணிக்கு ஈரம் காயாத படங்களோடு லேபுக்குத் திரும்பினோம். ஸ்ரீரங்கன் பதினாலாம் தேதி படத்தை விளக்கடியில் வைத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"அசரியா, இங்க வா. இது என்னது?"

அசரியா பார்த்தான். "சார்... மன்னிச்சுடுங்க சார்."

எங்களுக்கும் காட்டினார். கவர் அங்கொன்று இங்கொன்றாகத்தான் இருந்தது. மற்ற இடமெல்லாம் நீளநீளமான, நாலு பக்கமும் சரிந்த பட்டைப் பெட்டிகள்.

"நாங்க படிச்ச புஸ்தகத்துல இதுக்குப் பேரே சவப்பெட்டி மூடி," என்றார் ஸ்ரீரங்கன். "மூத்திரம் கெட்டுப்போய் அமோனியா ஆச்சுன்னா இந்த உப்பு இறங்கும். ஃப்ரெஷ் சாம்பிள்லயும் வரலாம், உள்ள ரணம் இருந்தா. ஆனா அப்போ சீழ் செல் தெரியணும். இதுல ஒண்ணும் இல்ல. எட்டு மாசத்துல இந்த மனுஷனுக்கு ஒரு மூடி கூட வந்ததில்ல."

"எத்தனை நாள் பழசு?"

"மே மாச வெயில்ல, மூடின பாட்டில்ல... மூணு நாள், நாலு நாள். மணிக்கணக்கு கேட்டா சத்தியம் பண்ண மாட்டேன். அன்னிக்குக் காலைல பிடிச்சது இல்ல, அது நிச்சயம்."

"நாறலியா அது?" என்று அசரியாவைக் கேட்டேன்.

"எனக்கு எதுவுமே நாறாதுங்க," என்றான் பாவமாக.

சார் விரலை மடக்கினார். "பதினாலாம் தேதி வந்தது பாட்டில் மட்டும்தான். மாணிக்கவேல் வரலை. பத்தாம் தேதி காலையில அவர் பிடிச்சு, சீட்டு எழுதி, ரப்பர் பேண்டு போட்டு வெச்ச சாம்பிள். நாலு நாள் யாரோ வெச்சிருந்து, படியில கொண்டாந்து வெச்சிருக்காங்க. அந்த ஆள் யாரு?"

"கொலைகாரன்," என்றேன் உடனே. வேறு யார்? ஆளைத் தண்டவாளத்தில் தள்ளிவிட்டு, அவன் பையில் இருந்த பாட்டிலைப் பார்த்து, உயிரோடு இருப்பதாகக் காட்ட லேபில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பட்டறையில் எவனாவது இருப்பான். நான் மனசுக்குள் அவனுக்கு மீசை கூட வைத்துவிட்டேன்.

ஸ்ரீரங்கன் இரண்டாவது படத்தை எடுத்தார், கூலிங் கிளாஸ் படம். கறுப்பில் மூடிகள் மங்கலாக மின்னின. அவற்றுக்கிடையே பொடிப் பொடியாக வேறு சில புள்ளிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்ன ப்ளஸ் குறி பளிச்சென்று.

"இது உடம்புல இருந்து வந்தது இல்ல," என்றார். "மாவுத் துகள். லேடீஸ் சாம்பிள்ல மூஞ்சிப் பவுடர் விழுந்தா இப்படி இருக்கும். இவர் சாம்பிள்ல இதுவரைக்கும் பார்த்ததில்ல." சொல்லிக்கொண்டே ரோலின் கடைசிப் படத்தை, எனக்காக எடுத்த ஐந்தாவது படத்தை, அதன் பக்கத்தில் வைத்தார். "அட! இது உங்க பேண்டு மாவு. பாருங்கோ, ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு."

அவர் ரசித்துச் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

என் மனசில் இருந்த மீசைக்காரன் பட்டென்று காணாமல் போனான். அவன் நின்ற இடத்தில் மாவுக் கையோடு ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள்.

மாடிப்படி இறங்கும்போது சாரின் சட்டைக் கையைப் பிடித்தேன். "சார். சொல்லாம விட்டா இன்னா? அந்தாளு செம்பாக்கத்துப் பெரிய மனுசன், அந்தப் பேப்பரை நம்பினு இருக்கட்டும். அந்தக்காவும் பூ வெச்சுகினு இருக்கட்டும். யாருக்கு இன்னா பேஜாரு?"

சார் ஒரு படி இறங்கி நின்று திரும்பினார்.

"பார்சல் எங்க இருக்குன்னு தெரிஞ்ச பிறகும், 'தேடிட்டு இருக்கோம்'னு எழுதுற கிளார்க்குங்களை நான் பாத்திருக்கேன். அதைவிடப் பெரிய பாவம் எங்க டிபார்ட்மெண்ட்ல இல்ல. ஆனா துளசிங்கத்துகிட்ட முதல்ல போக மாட்டேன். அந்தம்மாகிட்ட போவோம்."

நாலரை மணிக்கு மறுபடி செம்பாக்கம். காந்தா காய்ந்த அப்பளத்தை நூறு நூறாக அடுக்கிக்கொண்டிருந்தாள். சார் பெஞ்சில் உட்காரவில்லை. இரண்டு படங்களையும் பாயில் அவள் முன்னால் வைத்தார். எதையும் விளக்கவில்லை. நான்தான் சொன்னேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து.

"அக்கா, இதுல கீற புள்ளியெல்லாம் உன் கை மாவு."

அவள் அதிரவில்லை. அடுக்குவதை மட்டும் நிறுத்தினாள்.

"பாத்ரூம் சன்னல்ல இருந்துது," என்றாள். யாரோ அடுத்த வீட்டு விஷயம் சொல்வதுபோல் இருந்தது குரல். "பத்தாம் தேதி ஷிப்ட்டுக்கு லேட்டாயிடுச்சுன்னு மறந்துட்டுப் போயிட்டாரு. ரெண்டு நாள் நான் அத்தைத் தொடலை. வந்து எடுத்துக்குவாருன்னு. பதிமூணாம் தேதி ஸ்டேஷன்ல சட்டையைக் காட்டுனாங்க. வூட்டுக்கு வந்து பாத்தா பாட்டில் மூடியெல்லாம் உப்பு பூத்துக் கீது. இருமல் மருந்து பாட்டில் ஒண்ணைக் கழுவி அதுல ஊத்துனேன். அவர் சீட்டையே சுத்துனேன். விடியக்காலம் கொண்டுபோய்ப் படியில வெச்சுட்டு வந்துட்டேன்."

"ஏன்மா?" என்றார் சார்.

"கொட்ட மனசு வரலை சார்." கொஞ்சம் யோசித்தாள். "அப்பால அந்தப் பேப்பர் வந்துது. பேரு போட்டு, வயசு போட்டு, பதினாலாம் தேதின்னு. அன்னிக்கு இருந்தாருன்னு கவர்மெண்ட்டு மாதிரி எழுதிக் குடுத்துட்டாங்க. எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு. பொய்யின்னு தெரியும். ஆனாலும் வந்துடுச்சு."

"சட்டை?"

"அவருதுதான். மூணாவது பட்டன் நான் தெச்சது. வெள்ளை நூல் இல்லாம பச்சை நூல்ல தெச்சேன். போலீஸ்காரரு பிரிச்சுக் காட்டும்போதே பச்சை தெரிஞ்சுது. இல்லன்னுட்டேன். தலையை ஆட்டினது நான்தான், ஆனா யாரோ ஆட்டுற மாதிரி இருந்துது."

எனக்கு அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஒரு ஜோக்கும் வரவில்லை. கைதான் அவள் முதுகில் போய் உட்கார்ந்தது, அதுவாக.

அவள் படத்தை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"இது பத்தாம் தேதி காலைல அவரு குடுத்ததுதானே?"

"ஆமாக்கா."

"இதுல அவரு கல்லு எது?"

கவர் மாதிரி இருப்பதைக் காட்டினேன்.

"குறைஞ்சிருக்குதா?"

நான் படத்தை வாங்கி எண்ணினேன். இந்த மூலையில் ஒன்று, அந்த ஓரத்தில் ஒன்று. ஆல்பத்தில் மற்ற மாதங்களில் படம் முழுக்கக் கவராக இருந்தது ஞாபகத்தில் இருந்தது. கெட்டுப்போன சாம்பிளை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று ஸ்ரீரங்கன் சொல்லியிருப்பார். அவர் அங்கே இல்லை.

"ரெண்டே ரெண்டுதான்க்கா கீது. நல்லாவே குறைஞ்சுட்டுது."

காந்தா தலையை ஆட்டினாள். "வாழைத்தண்டு சாறு," என்றாள். "எட்டு மாசம். காறித் துப்புவாரு, விடமாட்டேன். தெனம் ஒரு டம்ளர்." படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "கேட்டிருக்கு, பாரு."

வெகுநேரம் கழித்து அவள் தலையிலிருந்து பூவை மெதுவாகக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, சாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு அண்ணங்கிட்ட சொல்லிடுங்க சார். ஞாயித்துக்கிழமை காரியத்துக்கு நான் உக்கார்றேன்."